பரணில் கிடக்கும் டெக்கை எழுப்பலாமா?

கேட்கப்பட்டது இதுதான். அப்பா 1986-இல் குவைத்திலிருந்து கொண்டுவந்த வி.சி.ஆர்., அதாவது வீடியோ கேசட் ஓட்டும் டெக், மயிலாப்பூர் வீட்டுப் பரணில் இருக்கிறது. கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டுகள். அவற்றில் அக்காவின் கல்யாணக் கேசட்டும் ஒன்று. டெக் இனி ஓடுமா? அந்தக் காலத்தில் வாங்கியவர்களின் அனுபவம் எப்படி இருந்தது? பழுது பார்ப்பதா, பழைய சாமான் கடையில் போடுவதா?

ஓடுவதற்கான வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். எண்பதுகளில் ஜப்பானில் செய்த டெக்குகளின் அடிச்சட்டம் கனமான உலோகம், சாமானியத்தில் வளையாது. ஆனால் இன்று இரவே பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, பிளக்கைச் செருகி, முதல் வேலையாக அக்கா கல்யாணத்தைப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். டெக் போனால் இன்னொரு டெக் தேடிப் பிடிக்கலாம். முகூர்த்தம் பதிவான நாடா கசங்கினால் கசங்கியதுதான்.

வாங்கியவர்களின் அனுபவம் என்று கேட்டீர்கள். அண்ணா சாலைப் பக்கம் டெக் பழுது பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களிடம் வந்த டெக்குகளில் பெரும்பாலானவை தாமாகக் கெட்டவை அல்ல. அவற்றைக் கெடுத்தவை மூன்று: வாடகைக் கேசட், கடற்காற்று, மின்சாரம். ‘எந்தக் கம்பெனி டெக் நல்லது’ என்று வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. நேஷனல்தான் என்று ஒருவர், அகாய்க்கு ஈடில்லை என்று இன்னொருவர். ஒரே மாடல் டெக் நங்கநல்லூரில் பத்து வருடம் உழைத்ததையும், பெசன்ட் நகரில் மூன்றாம் மழைக்காலத்தில் படுத்ததையும் பார்த்தவனுக்கு அந்த வாதத்தில் சுவாரசியம் இல்லை.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. வண்ண ஒளிபரப்பு நாட்டுக்கு வந்தது 1982-இல். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த டெக்குகளும், பர்மா பஜாரில் கைமாறியவையும்தான் தொடக்கத்தில் இங்கே ஓடின. பிறகுதான் வீடியோகான், பிபிஎல் எல்லாம். சொந்தமாக டெக் வைத்திருந்தவர் வீட்டில் அதற்கு ஓரத்தில் பின்னல் வேலை செய்த துணி உறை இருக்கும். பண்டிகை நாளில் கூடம் கொள்ளாத கூட்டமும் இருக்கும். இல்லாதவர்கள் தொலைக்காட்சிப் பெட்டி, டெக், மூன்று படம் என்று ஓர் இரவுக்கு வாடகை பேசுவார்கள். எல்லாம் மூன்று சக்கர சைக்கிளில் வந்து இறங்கும். விடிய விடிய ஓட்டிவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அப்படி ஊர் சுற்றிய வாடகை டெக்குகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

அந்த வாடகைப் படங்கள்தான் முதல் குற்றவாளி. ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். கேசட்டை விழுங்கியதும் டெக் நாடாவை வெளியே இழுத்து, 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றின் மேல் பாதிச் சுற்றுக்கு மேல் சுற்றி வைக்கிறது. நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். அது நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆனால் லேசாகச் சாய்ந்து நிற்கும் அந்த உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. உருளையின் விளிம்பில் எதிரெதிராகப் பதிந்திருக்கும் இரண்டு சிறு ஃபெரைட் துண்டுகள்தாம் ஹெட். கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அவை நாடாவில் சாய்வான கோடுகளாகப் படத்தை எழுதுகின்றன, படிக்கின்றன. ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இந்த அளவுக்கு நுணுக்கமான இடத்தில், நூறு வீட்டில் ஓடித் தேய்ந்து, மேல்பூச்சு உதிரும் நாடாவை ஓட்டினால் என்ன ஆகும்? உதிர்ந்த தூள் ஹெட்டின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். வாடகைக் கேசட் ஜலதோஷம் மாதிரி. ஒரு வீட்டில் வாங்கியதை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும்.

இந்த இடத்தில்தான் மக்கள் நிறைய ஏமாந்தார்கள். பாட்டு நன்றாகக் கேட்கிறது, படம் மட்டும் இல்லை என்று டெக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ‘ஹெட் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று கடையில் சொல்வார்கள். சாதாரண டெக்கில் ஒலியைப் படிப்பது உருளைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் வேறொரு ஹெட். அதனால் பாட்டு கேட்டுப் படம் வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அடைப்பைத்தான். சுத்தம் செய்தால் தீருகிற கோளாறுக்கு முழு உருளைக்கும் காசு வாங்கி, கழற்றிய நல்ல ஹெட்டை அடுத்தவர் டெக்கில் மாட்டிய கடை ஒன்று எங்கள் தெருவிலேயே இருந்தது. உங்கள் டெக்கிலும் புள்ளி மட்டும் வந்தால் ‘ஹெட் மாற்றணும்’ என்கிற ஆளிடம் உடனே தலையாட்டாதீர்கள்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை, ஆனால் முறை தவறினால் ஹெட் உடையும். காதுக்குப் போடும் பஞ்சுக்குச்சியை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பஞ்சிழை சிக்கி ஃபெரைட் துண்டு பெயர்ந்துவிடும். மான்தோல் போன்ற மென்மையான தோல் ஒட்டிய துடைப்பான், ஐசோபுரோபைல் ஆல்கஹால். துடைப்பானை உருளையின் பக்கவாட்டில் அழுத்தாமல் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்பகுதியை மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் முடிந்தது கதை. அந்தக் காலத்தில் அவசரத்துக்குச் சலவை நோட்டை மடித்து வைத்துச் சுற்றியவர்கள் உண்டு. தப்பித்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். தப்பிக்காதவர்களின் டெக்குகள் எங்களிடம் வந்தன. நாடா ஓடும் வழியிலுள்ள உலோகத் தூண்களையும் ரப்பர் உருளையையும் துடைக்க மறக்காதீர்கள். அவற்றுக்குப் பஞ்சுக்குச்சி போதும்.

அடுத்தது கடற்காற்று. இதுதான் இன்றைக்கு உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும். சில டெக்குகளில் ஈரத்தைக் கண்டுபிடிக்கும் உணரி உண்டு. முன்பக்கத்தில் ‘டியூ’ என்று விளக்கு எரிந்தால், உருளை காயும்வரை எந்தப் பொத்தானுக்கும் அசையாது. மழைக்காலத்தில் டெக் செத்துவிட்டது என்று பயந்து வந்தவர்களிடம், ‘சும்மா ஆன் செய்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக்கொண்டால் கிழியும், அதற்காகத்தான் அந்தப் பாதுகாப்பு.

ஆனால் கேசட்டுக்குப் பாதுகாப்பு ஏது? பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, மேலே உள்ள கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். நல்ல சுருள் கறுத்து, வழவழவென்று, ஒரே மட்டமாக இருக்கும். அதன் மேல் வெண்மையாக, பௌடர் தூவியது போலப் புள்ளிகளோ வளையங்களோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எந்த டெக்கிலும் போடாதீர்கள். ஒரு முறை ஓட்டினால் போதும், பூஞ்சை ஹெட்டிலும் தூண்களிலும் ஒட்டும். அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அப்படிப்பட்டதைத் தனியாக ஒரு பையில் கட்டி வையுங்கள். நாடாவைச் சுற்றிச் சுற்றித் துடைத்தெடுக்கும் வேலை தெரிந்தவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் மீட்கலாம். பூஞ்சை நாடாவின் விளிம்பில்தான் அதிகம் வளரும். உள்ளே படம் பத்திரமாக இருக்கும். மூக்கு, வாயை மூடிக்கொண்டு கையாளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பெட்டியின் பக்கமே போக வேண்டாம்.

பூச்சி வராமல் இருக்கக் கேசட் பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த வீடுகளும் பல. நாஃப்தலீன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக வைக்கும். கேசட் உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெட்டியில் உருண்டை இருந்தால் முதலில் அதை எடுத்துப் போடுங்கள். கேசட்டைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் சுருள் சரிந்து விளிம்பு மடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கேசட் நனைந்த வீடுகளில் பலர் அதை வெயிலில் காய வைத்தார்கள். சூடுதான் நாடாவுக்குப் பெரிய எதிரி. நனைந்த கேசட்டைச் சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில், காற்றில் ஆறவிட வேண்டும்; அதன் பிறகும் உறையைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

மின்சாரத்துக்கு வருகிறேன். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்யப்பட்ட டெக் 100 வோல்ட்டில் ஓடுவது. அதை அறியாமல் நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகியவர்களும் உண்டு. புகை வந்த பிறகுதான் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்கள். குவைத்திலிருந்து வந்த உங்கள் டெக் நம் ஊர் மின்சாரத்துக்கு ஒத்துப்போகும், என்றாலும் பின்பக்கச் சீட்டை ஒரு முறை படித்துவிடுங்கள். நாள் முழுக்க ஸ்டாண்ட்பையில் கிடந்து சூடேறி, பவர் சப்ளையிலுள்ள கெபாசிட்டர்கள் வறண்டு போவது அந்த வயது டெக்குகளின் பொதுவான நோய். ஆகவே முதல் முறை நேராக மின்சாரம் கொடுக்காதீர்கள். ரேடியோ மெக்கானிக் யாரிடம் போனாலும் சீரீஸ் போர்டு வைத்திருப்பார்: நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் கோத்த பலகை. அதன் வழியாகக் கொடுக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். டெக் பிழைத்தது, பல்புதான் எரிந்தது.

அதற்கும் முன்னால் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பரணில் கிடந்த டெக் பல்லிக்குச் சொந்தவீடு. பவர் சப்ளையின் கதகதப்பை நாடிப் போன பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடப்பதும், எறும்பு மண் சேர்த்து வைத்திருப்பதும் சகஜம். கேசட் வாய் வழியாகக் குழந்தைகள் போட்ட நாணயம், சீப்பு, பாதி பிஸ்கெட் எல்லாம் எடுத்திருக்கிறேன்.

‘டெக் கேசட்டைத் தின்றுவிட்டது’ என்பது உரிமையாளர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சொன்ன புகார். இதற்குக் காரணம் ரப்பர். ஓடி முடிந்த நாடாவைச் சுருட்டிக்கொள்ளும் சக்கரத்தைச் சுழற்றுவது, பல டெக்குகளில், சின்ன ரப்பர் வளையம் போட்ட ஒரு சில்லு. வருடக்கணக்கில் அந்த ரப்பர் இறுகி வழவழப்பாகிப் பிடிமானத்தை இழக்கும். சக்கரம் சுற்றாது, ஆனால் நாடாவை இழுக்கும் உருளை இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே வந்த நாடா போக இடமில்லாமல் உள்ளே குவிந்து சிக்கும். உங்கள் டெக்கில் இது நடப்பது ஏறக்குறைய நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முப்பது வருடச் சென்னை வெயிலில் எந்த ரப்பரும் ரப்பராக இருக்காது. பெல்ட்டுகளும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். ரிச்சி தெருவில் தேடினால் அளவு பார்த்துக் கொடுப்பவர்கள் இன்னும் கிடைப்பார்கள்.

நாடா சிக்கிவிட்டால் எஜெக்ட் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள், கேசட்டைப் பிடித்து இழுக்கவும் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, கேசட்டை இறக்கும் மோட்டாரின் சில்லை விரலால் எதிர்த்திசையில் பொறுமையாகச் சுற்றினால் தூண்கள் பின்வாங்கி நாடா தளரும். இன்னொன்று: மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது டெக் காரணமில்லாமல் நின்று நின்று போனால் பதற வேண்டாம். நாடா முடிந்ததா என்று பார்க்க உள்ளே ஒளி உணரிகள் இருக்கின்றன. ஜன்னல் வெயில் அவற்றில் பட்டால், நாடா முடிந்துவிட்டதென்று டெக் நினைத்துக்கொள்ளும். ஓர் அட்டையால் நிழல் கொடுங்கள், ஒழுங்காக ஓடும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட்டுகள் இருந்தால் தனியே பிரித்து வையுங்கள். தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் முறை அங்கே என்டிஎஸ்சி (NTSC), இங்கே பால் (PAL). வெறும் பால் டெக்கில் அந்த வளைகாப்புக் கேசட்டைப் போட்டால் படம் உருளும், நிறம் வராது, குரல் அவசரமாகவோ இழுத்தோ கேட்கும். கேசட் கெட்டுவிட்டதென்று அதைத் தூக்கிப் போட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இரண்டு முறையையும் படிக்கும் மல்டி சிஸ்டம் டெக்கில் அழகாக ஓடும்.

கேசட்டுகளை இப்படிப் பிரிக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். கேசட்டின் முதுகுப்பக்கம், இடது மூலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்து எடுத்துவிடுங்கள். அது இல்லாத கேசட்டில் டெக் பதிவு செய்யாது. கல்யாணக் கேசட்டின் நடுவில், தாலி கட்டப் போகும் நேரத்தில், திடீரென்று கிரிக்கெட் வரும் வீடுகள் சென்னையில் ஏராளம். அந்தத் துண்டை யாரும் உடைக்காததே காரணம். துண்டு போன ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருந்தால் டெக் மறுபடி பதிவு செய்யும்; அதையும் கிழித்து எறியுங்கள்.

இனி, டெக்கை வைத்துக்கொள்வதா என்ற கேள்வி. கல்யாணக் கேசட்டுக்கு உங்கள் டெக் கட்டாயமில்லை. ஸ்டூடியோக்காரர் வேறு இயந்திரத்தில் பதிவு செய்தது அது, எந்த நல்ல டெக்கிலும் ஓடும். ஆனால் அப்பா தொலைக்காட்சியிலிருந்து தாமே பதிவு செய்தவை இருக்கின்றன பாருங்கள், அவை வேறு விஷயம். ஒவ்வொரு டெக்கிலும் நாடா வழியின் அமைப்பு மயிரிழை வேறுபடும். தன் கோணலோடு தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும். வேறு டெக்கில், ஹெட்டை நாடாவின் கோடுகளோடு ஒத்துப்போக வைக்கும் டிராக்கிங் குமிழை எவ்வளவு திருகினாலும் ஒரு பட்டை புள்ளியாகவே நிற்கும். நாடாவை மிச்சப்படுத்த எல்பி என்ற பாதி வேகத்தில், மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் அடைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கத்தில் இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் ‘டை’ ஆன நாள். அன்றைய ஆட்டத்தை எல்பியில் பதிவு செய்து வைத்திருந்த ஒருவர் புது டெக் வாங்கியதும் பழையதை விற்றுவிட்டார். புதியதில் கடைசி விக்கெட்டின் இடம் வெறும் கோடுகளாக வந்தது. பழையதை வாங்கியவரைத் தேடிப் பிடித்து, அங்கேயே ஓட்டிப் பிரதி எடுத்தோம். ஆகவே அந்தப் பதிவுகளை எடுத்து முடிக்கும்வரை உங்கள் டெக்கை விற்காதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: பெல்ட், ரப்பர் மாற்றி, நாடா வழியைத் துடைத்த பிறகு, போனாலும் பரவாயில்லை என்கிற பழைய படக் கேசட் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். வேகமாக முன்னும் பின்னும் ஓட விடுங்கள். வெளியே எடுத்து, முன்பக்க மடலைத் தூக்கி நாடாவின் விளிம்பைப் பாருங்கள். சுருக்கமோ கீறலோ இல்லையென்றால் அப்பாவின் பதிவுகளைப் போடலாம். கல்யாணம் கடைசியில்.

கணினிக்கு மாற்றும்போது ஓட்டும் நேரமும் பதியும் நேரமும் ஒன்றுதான்; மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம். இருபது கேசட்டை நாளைக்கே தருகிறேன் என்று ஒரு கடை சொன்னால் எத்தனை டெக் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். படம் நான்குக்கு மூன்று வடிவத்திலேயே இருக்க வேண்டும். அகலத் திரைக்கு இழுத்து மணமகளைக் குண்டாக்கித் தரக் கூடாது. மலிவான எச்டிஎம்ஐ மாற்றிகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. 720-க்கு 576 பிக்சல் அளவில், நொடிக்கு 25 பிரேம் என்று கேட்டு வாங்குங்கள். ‘எங்கள் வீட்டில் 2000-லேயே விசிடி (வீடியோ சிடி) போட்டாகிவிட்டதே’ என்பவர்களுக்கும் இதே பதில்தான். விசிடியின் அளவு 352-க்கு 288. கேசட்டில் இருந்ததில் பாதி வரிகள் அதில் இல்லை. கேசட் கையில் இருந்தால் மறுபடி எடுங்கள். கல்யாணம் எடுத்த ஸ்டூடியோ இன்னும் இருந்தால் மாஸ்டர் கேசட் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பூ வளையமும் நட்சத்திரமும் மிக்ஸிங் செய்து உங்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் அதன் பிரதிதான்.

புதிய டெக் வாங்கும் யோசனை வேண்டாம், கிடைக்காது. உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனி ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழையது ஒன்று வாங்குவதானால் விற்பவர் வீட்டிலேயே உங்கள் கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்; ‘வேலை செய்தது சார்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். உங்களுடையதை விற்பதானால் எல்லாப் பதிவும் கணினியில் ஏறி, இரண்டு இடத்தில் பிரதியும் வைத்த பிறகு விற்கலாம். ரிமோட்டையும் தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாத டெக்கைப் பலர் எடைக்குத்தான் கேட்பார்கள்.